இருவருக்கும் ஒரே வக்கீல்

சண்டையில்லாமல் பிரிந்த தம்பதி என்று சொந்தபந்தம் மொத்தமும் அவளை மெச்சியது. மெச்சிய வாய்களில் ஒன்றாவது அன்றைக்கு, "அந்தக் காகிதத்தை முழுசாப் படிச்சியா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே எரிந்து விழுந்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறாள். கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் லென்ஸ் அக்காதான். கண்ணாடித் தூளைக் கூட்டிப் பெருக்கப் பத்தொன்பது வயதில் வந்தவள். மூன்றே வருஷத்தில் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. தேய்க்கிறவர் வராத ஒரு நாளில் தானாகவே போய் உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு குழல் விளக்கு, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் சக்கரம், சுவரில் ஆணியில் குத்திய பவர் சீட்டுகள். சீட்டில் ஓர் எண் தெளிவாக இல்லையென்றால் லென்ஸைக் கையில்கூட எடுக்கமாட்டாள். "இது பதினெட்டா, நூத்தி எண்பதா? பக்கத்துல சுழி இருக்கா, ஈ உக்காந்துட்டுப் போச்சா? கேட்டுட்டு வாங்க" என்று முன்கடைக்குத் திருப்பி அனுப்புவாள். கோணம் மாறிப்போனால் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும், படியில் கால் தடுக்கும். ஒருமுறை கண் டாக்டரையே போனில் பிடித்து, "உங்க எழுத்து எனக்கே புரியலைன்னா, கண்ணு தெரியாம உங்ககிட்ட வர்றவங்க கதி என்னங்க?" என்று கேட்டாள். அந்த டாக்டர் அதற்கப்புறம் எல்லாச் சீட்டையும் அச்சடித்தே அனுப்புகிறார்.

இப்பேர்ப்பட்ட மகராசிதான் தன் பிள்ளையைப் பற்றிய காகிதத்தில் ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

புருஷன் கார் விற்கும் கூடத்தில் வேலை பார்த்தவன். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் தலை தானாக ஆடும், அப்படியொரு பேச்சு. பத்து வருஷக் குடித்தனத்தில் அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. ஒருவர் முகத்தைப் பார்த்தால் மற்றவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். அவள் பாத்திரம் வைக்கும் சத்தம் அவனுக்கு ஆகாது. அவன் போனில் சிரிக்கும் சத்தம் அவளுக்கு ஆகாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"நமக்குள்ள அசிங்கம் வேணாம். டீசன்ட்டாப் பிரிஞ்சிடலாம்."

"பிரிஞ்சிடலாம். எனக்கு உன் வீடு வேணாம், வண்டி வேணாம், ஒரு கரண்டிகூட வேணாம். சில்வண்டு என்கூட இருக்கணும். அது ஒண்ணுதான்."

சில்வண்டு அவர்களுடைய ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. விழித்த நேரம் முதல் தூங்கும் நேரம் வரை வாய் ஓயாததால் வந்த பேர்.

"அதுக்கென்ன, தாராளமா" என்றான் அவன்.

தாராளமாம்! காருக்கு விலை சொல்லும்போதும் அவன் அந்த வார்த்தையைத்தான் சொல்வான்.

தனக்கென்று ஒரு வக்கீலைப் பார்க்கலாமா என்று அவளுக்கும் ஒரு யோசனை இருந்தது. அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் துள்ளிக் குதித்தான்.

"உனக்கென்ன கிறுக்கா? அடிச்சுக்கிறவங்களுக்குத்தான் வக்கீல். மாப்பிள்ளை எல்லாத்துக்கும் சரின்னுட்டாரு. நீ போய்த் தனியா ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்தா, சும்மா இருக்குறவரைச் சொறிஞ்சு விட்ட மாதிரி ஆயிடும். அவரோட ஃப்ரெண்டே வக்கீல்தானே? ரெண்டு பேருக்கும் சேத்து அவரே முடிச்சுக் கொடுப்பாராம்."

விஷயம் சீக்கிரம் முடியாவிட்டால் தங்கையும் மகளும் தன் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் மாப்பிள்ளைக்கு நற்சான்று வாசித்தான்.

அந்த வக்கீல் புருஷனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில். குறுகிய படி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கட்டுக் கட்டாகக் கோப்புகள், கீழிருந்து வரும் சூடான மை வாசனை. அவள் உள்ளே நுழைந்ததுமே எழுந்து நின்று, "வா தங்கச்சி" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புருஷன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மனுஷன் அவளுக்காக எழுந்து நின்றது பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அவனுக்கு மட்டும் நான் வக்கீல்னு நெனச்சுடாதம்மா. ரெண்டு பேருக்கும் பொது. நான் உனக்கு அண்ணன் மாதிரி. தங்கச்சிக்கு ஒரு குறை வர விடுவேனா?"

அண்ணன் மாதிரியாம். கூடப் பிறந்த அண்ணன் செய்ததையே மேலே பார்த்தோம். இருவருக்கும் வேண்டியது ஒரே பிள்ளை. அதைப் பற்றி எழுத ஒரே ஆள். கூடப் படித்தவன் பக்கம் சாய்வானா, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தங்கச்சியானவள் பக்கம் சாய்வானா? லென்ஸ் அக்காவுக்கு இது தோன்றவில்லை. சுழியில் உட்கார்ந்த ஈயைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த முழு ஆள் தெரியவில்லை.

கூட்டு மனு இரண்டே பக்கம். சாப்பாட்டு நேரத்தில் கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். வக்கீல் முதல் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தான்.

"நீ கவலைப்பட்டது இதுக்குத்தானே? படிச்சுக்கோ தங்கச்சி."

'தாயின் பொறுப்பிலும் பராமரிப்பிலும் இருப்பாள்' என்று இருந்தது. மூன்று முறை படித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற வரிகளெல்லாம் 'மேற்படி', 'மேற்சொன்ன', 'முதல் மனுதாரர்' என்று நெளிந்துகொண்டு கிடந்தன. அவற்றை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டாள். வக்கீல் முதல் பக்கத்தைத் திருப்பினான்.

"இது சும்மா விவரம். பேரு, வயசு, கல்யாணத் தேதி. கீழ ஒண்ணு போட்டுடு."

பக்கத்தின் அடியில் இடமே இல்லை. நெருக்கிக்கொண்டு போட்டாள். கையெழுத்தின் வால் கடைசி வரியின் மேலேயே ஏறிப் போனது. அந்தக் கடைசி வரி இதுதான்: 'தம்பதியரின் ஒரே மகள், பன்னிரண்டு வயது நிறைவடையும் வரை'. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை முன்னால் வரும், தீர்ப்பு பின்னால் வரும். நிபந்தனையை ஒரு பக்கத்தில் விட்டு, தீர்ப்பை மட்டும் மறுபக்கத்தில் காட்டினான் அந்த அண்ணன் மாதிரி. தட்டச்சில் தற்செயலாக அப்படி விழுந்ததா, விழவைத்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

கோர்ட்டில் ஐந்து நிமிஷம். மனுவில் கண்டபடி எல்லாம் சம்மதமா என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். சம்மதம் என்றாள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சம்மதம் என்றாள். தீர்ப்பு நகலை உறையிலிருந்து எடுக்காமலேயே அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். அன்று மாலை அண்ணன் வந்து, "பாத்தியா, வக்கீலும் இல்ல, வம்பும் இல்ல" என்று பெருமையடித்துவிட்டுப் போனான்.

அப்புறம் மூன்று வருஷம். காய்ச்சல், பல் விழுந்தது, கணக்கில் தோற்றது, மறுபடி ஜெயித்தது, மூன்று தடவை ஷூ மாற்றியது, ராத்திரி கெட்ட கனவு, எல்லாம் அவள் பாடு. மாதம் ஒருமுறை வந்த அப்பன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு கல்யாணம் செய்துகொண்டான். பிறகு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. புது மனைவியும் வேலைக்குப் போகிறவள். இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அப்போதுதான் அவனுக்குத் தன் மூத்த மகள் மேல் பாசம் பீறிட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு முடிந்த மறு வாரம் கடைக்குப் பதிவுத் தபால் வந்தது. தீர்ப்பில் உள்ளபடி மகளைத் தந்தையிடம் பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ். அடியில் கையெழுத்து அதே வக்கீல். சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, என்னண்ணா இது?"

"மேடம், நான் இப்போ என் கட்சிக்காரர் சார்புல மட்டும்தான் பேச முடியும். உங்க வக்கீலை எங்கிட்டப் பேசச் சொல்லுங்க."

மேடம்! தங்கச்சி உறவு மூன்றே வருஷத்தில் காலாவதி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல் தட்டில் கிடந்த தீர்ப்பு உறையைப் பிரித்தாள். தீர்ப்போடு அந்தக் கூட்டு மனுவும் இருந்தது. முதல் பக்கத்தின் அடி, இரண்டாம் பக்கத்தின் தலை, மறுபடி முதல் பக்கத்தின் அடி. இரண்டாம் பக்கத்தில் ஆறு வரி தள்ளி, 'மேற்படி காலம் முடிவுற்றபின் அப்பொறுப்பு முதல் மனுதாரரைச் சாரும்' என்று ஒரு வரி. முதல் மனுதாரர் யார் என்று தேடினாள். அவன்தான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்குச் சொன்னாள். அவன் வந்து காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றான்.

"எழுந்து வெளிய போ" என்றாள். போனான்.

மறுநாள் முதல் காரியமாக வக்கீலம்மா ஒருவரைப் பார்த்தாள். கடையில் அவளிடம் கண்ணாடி போட்டவர். கரகரத்த குரல், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். காகிதத்தைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க பக்கம் யாருமே இல்லையா அன்னைக்கு?"

"சண்டையே இல்லைங்களே மேடம். ரெண்டு பேருக்கும் சம்மதம். எதுக்கு வக்கீல்னு…"

"பிரியறதுக்கு ரெண்டு பேருக்கும் சம்மதம். அதுக்காக ரெண்டு பேரோட நல்லதும் ஒண்ணாயிடுமா? அவருக்கு வேண்டியது வேற, உங்களுக்கு வேண்டியது வேற. அவருக்கு வேண்டியதை எழுத ஆள் இருந்தாங்க. உங்களுக்கு வேண்டியதைப் பாக்க அந்த மேசையில ஒரு ஆள் உக்காந்திருந்தா, இந்த வரியை அரை நிமிஷத்துல அடிச்சுப் போட்டிருப்பாங்க. இப்போ அதை அடிக்க எத்தனை மாசம் ஆகும்னு எனக்கே தெரியாது."

"மாத்த முடியுமா, முடியாதா?"

"பிள்ளை விஷயத்துல எந்த உத்தரவையும் மாத்தச் சொல்லிக் கேக்கலாம். பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் ஜட்ஜ் பாப்பாங்க. ஆனா நீங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டதை வெச்சு உங்களை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. தாங்குவீங்களா?"

தாங்குவேன் என்றாள். எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அதே வாரத்தில் அந்தப் பாவி அப்பன் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான். நோட்டீஸ், கோர்ட் எல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். அதை வெளியே வைத்துக்கொண்டிருக்கலாம். தீர்ப்பின் நகலை மகள் கையில் கொடுத்து, "நானா கேக்கலம்மா. உங்கம்மாவே எழுதிக் கொடுத்துட்டா, பன்னிரண்டு வயசு வரைக்கும் போதும்னு" என்றான். கார் விற்கிற அதே குரலில் சொல்லியிருப்பான். சில்வண்டு வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை அடுப்பு மேடை மேல் வைத்தாள்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாடா, ஆனா அன்னைக்கு அந்த ஆளு…"

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏமாத்திட்டாங்கடி, என் கண்ணுல மண்ணைத் தூவிட்டாங்கடி என்று கதவுக்கு வெளியே நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள் தாய். உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை. ஓயாத வாய் ஓய்ந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வரும், கேட்டதற்கு 'ம்' சொல்லும், எழுந்து போகும். அந்த 'ம்'முக்காக அவனை நடுத்தெருவில் இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது லென்ஸ் அக்காவுக்கு. அவனை மட்டுமல்ல, தங்கச்சி என்றவனையும், அண்ணனையும், தன்னையும்.

உத்தரவை மாற்றச் சொல்லி வக்கீலம்மா போட்ட மனு விசாரணைக்கு வந்த நாளில் அந்த வக்கீல் கறுப்புக் கோட்டில் மொடமொடவென்று வந்து நின்றான்.

"இந்த அம்மா பச்சைப் பிள்ளை இல்லை. பொடி எழுத்துப் படிக்கிறதே இவங்க தொழில். யாரும் கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கல. மூணு வருஷம் சும்மா இருந்துட்டு இப்போ தெரியாதுங்கறாங்க."

வக்கீலம்மா எழுந்தார். "ஒரு சின்ன சந்தேகம். அன்னைக்கு ரெண்டு பேருக்கும் நானே வக்கீல்னு கூட்டு மனுவுல கையெழுத்துப் போட்டவர் இவர். அன்னைக்கு இந்த அம்மாவுக்காக நின்னவர் இன்னைக்கு இந்த அம்மாவுக்கு எதிரா எப்படி நிக்கறார்?"

ஜட்ஜ் நடுவயதுப் பெண்மணி. மனுவின் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அந்த வக்கீலைப் பார்த்தார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி முதல் மனுதாரருக்குச் சொல்லிவிட்டு, மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அவன் கோப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனதைப் பார்க்க லென்ஸ் அக்காவுக்குக் கொள்ளை ஆசை. பார்த்தாள். ஆனால் ஆசைப்பட்ட சந்தோஷம் வரவில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் மகள் இன்னொரு கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

கூடத்துக்கு வெளியே ஒரே பெஞ்சு. அதன் ஒரு கோடியில் அவள், மறுகோடியில் அவன்.

"எதுக்கு இந்த அசிங்கமெல்லாம்? டீசன்ட்டா விட்டிருக்கலாம்ல?" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

"வாயை மூடு."

"எங்கிட்ட வந்தா அவளுக்குத் தனி ரூம் இருக்கு."

"அந்த ரூம்ல எத்தனை தொட்டில் இருக்கு?"

அவன் போனை உள்ளே வைத்தான்.

இருபது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். மகளின் பதில்தான் வரப்போகிறது என்று நினைத்தாள் லென்ஸ் அக்கா. அம்மாவோடு இருப்பேன் என்று சொல்லியிருப்பாள். கோபத்தில் அப்பாவிடம் போகிறேன் என்று சொல்லியிருந்தால்? வக்கீலம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஜட்ஜ் உட்கார்ந்ததும் இரண்டு பேரையும் பார்த்தார்.

"உங்க மக எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லல. என்னைத்தான் ஒரு கேள்வி கேட்டா. அப்பாவுக்காகப் பேச ஒருத்தர் இருக்காங்க. அம்மாவுக்காகப் பேச ஒருத்தர் இருக்காங்க. எனக்காகப் பேச யாரு இருக்காங்கன்னு கேட்டா. அன்னைக்கும் யாரும் இல்லையாமே, அந்தக் காகிதத்துல என் பேருகூட இல்லையேன்னு கேட்டா."

லென்ஸ் அக்காவுக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது. உண்மைதான். 'தம்பதியரின் ஒரே மகள்' என்றுதான் இருந்தது, பேர் இல்லை. அதை அவளும் இன்றுவரை கவனிக்கவில்லை.

ஜட்ஜ் உத்தரவைச் சொன்னார். பிள்ளைக்கென்று தனியாக ஒரு வக்கீல். வழக்கு முடியும்வரை மகள் இப்போது இருக்கும் வீட்டிலேயே இருப்பாள். பள்ளிக்கூட வாசலில் யாரும் எந்தக் காகிதத்தையும் அவளிடம் காட்டக் கூடாது. வக்கீலம்மா காதோரம் குனிந்து, "இன்னைக்கு ஜெயிச்சது நாமதான்" என்றார். லென்ஸ் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

மத்தியானமே ஒரு இளம் பெண் வக்கீல் வந்துவிட்டாள். தோளில் பை, கையில் புது நோட்டு. நேராக மகள் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னாள், பேர் கேட்டாள். சில்வண்டு சொன்னாள். அந்தக் காகிதத்துக்கப்புறம் 'ம்' தவிர அவள் வாயிலிருந்து தாய் காதில் விழுந்த முதல் வார்த்தை. இரண்டு பேரும் வராந்தாக் கடைசியில் இருந்த சின்ன அறைக்குப் போனார்கள். லென்ஸ் அக்காவும் பின்னாலேயே போனாள்.

"நீங்க வெளிய இருங்கம்மா. நான் இவங்களோட வக்கீல்."

"நான் அவ அம்மாங்க."

"தெரியுங்க."

அவள் மகளைப் பார்த்தாள். "நான் கூட இருக்கட்டுமாடா? ஒரு ஓரமா உக்காந்துக்கறேன், வாயே திறக்கல."

சில்வண்டு யோசித்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தாலாவது கெஞ்சியிருக்கலாம்.

"வேணாம்மா. நீயும் ஒரு கட்சிதானே?"

கதவு மூடியது. அவள் வராந்தாவில் நின்றாள். சில்வண்டு உள்ளே பேச ஆரம்பித்துவிட்டாள் என்பது வெளியே கேட்டது. பழைய மாதிரியே நிறுத்தாமல், மூச்சு விடாமல் பேசினாள். ஒரு வார்த்தைகூடத் தாய்க்குப் புரியவில்லை.